‘விட’ என்னும் சொல் நிற்கும் இடம்: தொடக்கநிலை மாணவர்க்கு ஆங்கில ஒப்பீட்டுத் தொடர்களைக் கற்பித்தல்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் வகுப்பறையைக் கருதுவோம். மேசைமேல் பால்மரத்தில் கட்டும் மங்கு ஒன்றும் பால் சுமக்கும் வாளி ஒன்றும் இருக்கின்றன. ‘வாளியைவிட மங்கு சிறியது’ என்று மாணவர் பிழையின்றிச் சொல்கிறார். அதனை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னதும், ‘தி பக்கெட் இஸ் ஸ்மாலர் தென் தி கப்’ என எழுதுகிறார். எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழையும் இல்லை. ஆயினும், வாளியே சிறியது என்று பொருள் தலைகீழாகிவிட்டது. சிவப்பு மையால் வட்டமிட ஒரு சொல்லும் இல்லாத அத்தொடர் முழுவதும் தவறாக நிற்கிறது. இத்தவறு எங்கிருந்து பிறக்கிறது, இதனை எவ்வாறு களைவது என்பவற்றை நாம் இங்கு ஆராய்வோம்.

தமிழில் குறி பெயரின்மேல்

ஒப்பீட்டைக் குறிக்கத் தமிழ் பண்புச்சொல்லை மாற்றுவதில்லை. ‘சிறியது’ என்பது எதனோடு ஒப்பிட்டாலும் ‘சிறியது’ என்றே நிற்கும். மாறுவது ஒப்பிடப்படும் பெயர். ‘வாளியைவிட’, ‘வாளியைக் காட்டிலும்’, ‘வாளியைப் பார்க்கிலும்’ என அப்பெயர் இரண்டாம் வேற்றுமை உருபேற்று ஒரு துணைச்சொல்லைப் பெறுகிறது. இன்னும் பழைய வழக்கில் ‘வாளியிற் சிறியது மங்கு’ எனலாம். ஐந்தாம் வேற்றுமை உருபுகளாகிய இல், இன் என்பவற்றுக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகிய பொருள்களை நன்னூலார் வகுத்திருக்கிறார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும், இந்தோ ஐரோப்பிய மொழிகளைப்போல் பண்புச்சொல்லோடு விகுதி சேர்த்து ஒப்பிடும் முறை திராவிட மொழிகளில் இல்லை என்பதைச் சுட்டினார்.

குறி பெயரோடு ஒட்டியிருப்பதால் தமிழ்த்தொடரில் பெயர்கள் இடம் மாறலாம். ‘வாளியைவிட மங்கு சிறியது’ என்றாலும் ‘மங்கு வாளியைவிடச் சிறியது’ என்றாலும் பொருள் ஒன்றே. ஆங்கிலத்தில் இவ்வுரிமை இல்லை. அங்குப் பெயர்கள் உருபேற்பதில்லை. எது முன், எது பின் என்பதே பொருளை முடிவு செய்கிறது. தமிழ்த்தொடரின் வரிசையை அப்படியே பின்பற்றிய மாணவர், தம் தாய்மொழியில் பொருளைக் கெடுக்காத ஒன்றை ஆங்கிலத்திலும் செய்தார். அவ்வளவே.

மலாய்மொழி தரும் துணையும் இடையூறும்

நம் மாணவர்களுக்கு மூன்றாம் மொழியொன்றும் தெரியும். ‘சாவான் லெபே கெச்சில் டாரிபாடா பால்டி’ என்னும் மலாய்த்தொடரை ஆங்கிலத்தொடரின் அருகில் வைத்துப் பார்ப்போம். முதலில் மங்கு, அடுத்து ‘கூடுதல்’ என்னும் பொருளுடைய ‘லெபே’, பின்னர்ச் சிறுமைப் பண்பு, அதன்பின் ‘டாரிபாடா’, இறுதியில் வாளி. இரு பெயர்களும் ஆங்கிலத்தொடரில் நிற்கும் இடங்களிலேயே நிற்கின்றன. எனவே, சொல்வரிசைக்கு மலாய்மொழி நல்ல பாலமாகும்.

இடையூறு ‘லெபே’ என்னும் சொல்லில் இருக்கிறது. மலாய்மொழியில் அது எல்லாப் பண்புச்சொல்லுக்கும் முன் வரும். அதனை ‘மோர்’ என்று பெயர்க்கும் மாணவர் ‘மோர் ஸ்மால்’ என எழுதுகிறார். விகுதியைக் கற்றபின் இரண்டையும் சேர்த்து ‘மோர் ஸ்மாலர்’ என எழுதுகிறார். ஆங்கிலத்தில் குறுகிய சொற்கள் ‘அர்’ விகுதி பெறும். ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீண்ட சொற்கள் ‘மோர்’ பெறும். ஒரு சொல்லுக்கு இரண்டில் ஒன்றே போதும். ‘குட்’ என்பது ‘பெட்டர்’ எனவும் ‘பேட்’ என்பது ‘வர்ஸ்’ எனவும் முற்றிலும் மாறுவதை மனனம் செய்தலே வழி.

விகுதி சேரும்போது எழுத்து இரட்டித்தல்

‘பிக்’ என்பது ‘பிக்கர்’ ஆகும்போது ‘ஜி’ எழுத்து ஏன் இரட்டிக்கிறது? ‘கிளீன்’ என்பது ‘கிளீனர்’ ஆகும்போது ‘என்’ எழுத்து ஏன் இரட்டிக்கவில்லை? மாணவர்களின் இக்கேள்விக்குத் தமிழ்ப் புணர்ச்சியைக்கொண்டே விளக்கம் தரலாம். தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டும். ஆதலால் ‘கண்’, ‘இல்’ சேர்ந்து ‘கண்ணில்’ ஆகிறது. நெடிலை அடுத்த மெய் இரட்டாது. ‘கால்’, ‘இல்’ சேர்ந்து ‘காலில்’ என்றே நிற்கிறது. ஆங்கிலத்திலும் ‘பிக்’, ‘தின்’, ‘வெட்’ போன்ற குறிலோசைச் சொற்களின் இறுதி எழுத்து இரட்டிக்கிறது. ‘கிளீன்’, ‘கூல்’ போன்ற நெடிலோசைச் சொற்களில் இரட்டிப்பதில்லை. ‘லாங்’ என்பதுபோல் இறுதியில் இரு மெய்யெழுத்துகள் இருந்தாலும் இரட்டிப்பு இல்லை. தமிழில் ஒலியும் இரட்டும், ஆங்கிலத்தில் எழுத்து மட்டுமே இரட்டும் என்னும் வேறுபாட்டையும் உடன் சொல்லிவிடுதல் நன்று.

வகுப்பில் கையாளும் முறை

முதலில் இரு பொருள்களைக் காட்டி, உண்மையைத் தமிழில் சொல்லச் செய்வோம். அடுத்து, ‘விட’ எந்தப் பெயரோடு ஒட்டியிருக்கிறது என்று கேட்போம். ‘விட’ ஒட்டாத பெயர் ஆங்கிலத்தொடரின் தொடக்கத்தில் வரும். ‘விட’ ஒட்டிய பெயர் ‘தென்’ என்பதை அடுத்து இறுதியில் வரும். மாணவர் மனத்தில் நிறுத்தவேண்டிய விதி இவ்வொன்றே. இவ்வாறு வரிசை உறுதியானபின் விகுதிக்குச் செல்லலாம்.

பயிற்சித்தொடர்களை வாழும் ஊரிலிருந்தே எடுக்கலாம். அங்சி மலையின் உயரம் சுமார் 825 மீட்டர். தெலாப்பா பூரோக் மலையோ 1,100 மீட்டருக்கும் மேற்பட்டது. சிரம்பானிலிருந்து குவாலா பிலாவைவிடப் பகாவ் தொலைவானது. இத்தகைய தொடர்களில் வரிசை பிறழ்ந்தால், சொன்னது உண்மையன்று என்பதை மாணவரே கண்டுகொள்வார். திருத்தும்போதும் ‘இத்தொடர் உண்மையா?’ என்பதை முதலிலும் ‘விகுதி சரியா?’ என்பதைப் பின்னும் பார்ப்பது முறை. உண்மையைச் சொல்லி விகுதியில் பிழைத்த மாணவர், விகுதியைச் சரியாக எழுதிப் பொருளைப் புரட்டிய மாணவரைவிட முன்னேறியவர்.

இதனால் விளைவது

இஃது ஆங்கிலப் பாடத்தோடு முடிவதன்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின; அத்திட்டம் கைவிடப்பட்டபின், 2016-இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தை ஏற்ற பள்ளிகளில் அவை மீண்டும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. ‘லீலாவைவிட முத்துவிடம் 5 புத்தகங்கள் கூடுதல்’ என்னும் செய்தி ஆங்கிலத்தில் வரும்போது, யாரிடம் கூடுதல் என்பதைத் திருப்பிப் புரிந்துகொண்டவர் கூட்டவேண்டிய இடத்தில் கழிப்பார். அவர் கணக்கில் வலுக்குறைந்தவர் என்று முடிவு கட்டப்படுவார். உண்மையில் அவர் கணக்கில் தவறவில்லை. ‘விட’ நிற்கும் இடத்தைத் தவறவிட்டார்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்கீழ்த் தோட்டங்களில் எழுந்த பள்ளிகள் தமிழில் தொடக்கக் கல்வி தந்தன. ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகளுக்கே வாய்த்தது. இன்று பால்மரக் காடுகள் பல செம்பனையாக மாறிவிட்டன. குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. ஆங்கிலம் நம் பிள்ளைகளின் மேசைக்கே வந்திருக்கிறது. அதனைக் கற்பிக்கத் தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தவேண்டியதில்லை. மாணவரின் பிழைக்குக் காரணம் காட்டுவதும் தமிழே. அப்பிழையைத் திருத்தும் வழியைக் காட்டுவதும் தமிழே.