தகடு திரும்ப, கோடு பிறக்கும்

பேனாவால் வட்டம் போடும்போது கை சுழல்கிறது, காகிதம் சும்மா கிடக்கிறது. செப்புத் தகட்டில் பியூரின் பிடித்து வேலை செய்பவருக்கு இது தலைகீழ். வலது கை உளியை முன்னால் தள்ளுவதோடு சரி. வளைவு வேண்டுமென்றால் இடது கை தகட்டைத் திருப்பித் தர வேண்டும். ஏர் நேரே போக, நிலம் அதன் அடியில் திரும்புகிற கணக்கு.

பியூரின் பார்வைக்கு எளிய கருவி. சதுர எஃகுக் கம்பி, சாய்வாகச் சீவிய முனை, உள்ளங்கையில் அடங்கும் மரப்பிடி. தள்ளினால் செம்பு மெல்லிய சுருளாக எழுந்து வரும். அழுத்தினால் பள்ளம் ஆழமாகும், கோடு தடிக்கும். கையைத் தளர்த்தினால் மயிரிழையாகித் தேயும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளை அச்சில் கொடுத்தால், கோடு காகிதத்தில் புடைத்தே நிற்கும். விரலால் தடவிப் பார்க்கலாம்.

இந்தப் பொறுமைசாலிக் கருவிக்கும், கனவையும் அடிமனதையும் கலைக்குள் இழுத்த சர்ரியலிசத்துக்கும் என்ன ஒட்டு? 1920களில் பாரிஸில் ஆந்த்ரே மஸோன் என்ற சர்ரியலிச ஓவியர், எதை வரையப் போகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் பேனாவை ஓடவிட்டார். சிக்கலான கோடுகளுக்கு நடுவே ஒரு கையோ பறவையோ தலைகாட்டினால், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார். அதற்கு வேகம் வேண்டும் என்றுதான் தோன்றும். செம்பு வேகத்துக்கு மசியாது.

ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டர் மசிய வைத்தார். லண்டனில் வேதியியலும் நிலவியலும் படித்தவர். ஈரானின் அபாதானில் எண்ணெய் நிறுவன வேலையை விட்டுப் பாரிஸுக்கு வந்து, 1927இல் அச்சோவியப் பட்டறை தொடங்கினார். 1933இல் அது இடம் மாறிய கட்டடத்தின் எண்ணிலிருந்து வந்ததுதான் ‘அத்தலியே 17’ (பட்டறை 17) என்ற பெயர். ஓவியர் மீரோவும் மஸோனும் அங்கே தகடு கீறியவர்கள். தகடு சுழன்றுகொண்டே இருந்தால் படத்துக்கு மேல், கீழ் என்பது போய்விடுகிறது. முன்கூட்டியே போட்ட திட்டம் அங்கே செல்லாது. கண் முனையோடு பயணம் செய்கிறது. கற்பனை பின்னாலேயே வருகிறது. 1936இல் ஹெய்ட்டர் செய்த ‘போர்’ என்ற படத்தைப் பாருங்கள்: முதலில் தெரிவது வீரர்கள் அல்ல, சாட்டையாய்ச் சுழலும் கோடுகள். உடல்கள் பிறகுதான் அவற்றிலிருந்து பிரிந்து வருகின்றன. அசைவை வரைந்து காட்டியிருக்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். தகடு உண்மையிலேயே திரும்பியது. அதன் தடம்தான் அது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பட்டறை நியூயார்க்குக்குப் போனது. 1944-45இல் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலக் அங்கே செம்பில் கை வைத்தார். பின்னால் தரையில் விரித்த துணியைச் சுற்றிச் சுற்றி வந்து வண்ணம் சொட்டவிட்டவரும் அவரே. இந்தப் பட்டறைக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஆனால் ஆசையும் உண்டு.

பாரிஸுக்குத் திரும்பிய பட்டறையில் ஹெய்ட்டரோடு சேர்ந்து உழைத்தவர் கிருஷ்ண ரெட்டி. ஆந்திரத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, 1940களின் கடைசியில் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவர். சிற்பியும்கூட. ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே இழுப்பில் அச்சிடும் முறை அங்கே உருவானது. எண்ணெய் கூடிய இளக்கமான மையைக் கெட்டி உருளையால் மேடுகளில் தடவுவார்கள். பிறகு கெட்டி மையை மென்மையான உருளையால் பள்ளங்கள் வரை அழுத்துவார்கள். இளகிய மை கெட்டி மையைத் தன்மேல் ஒட்டவிடாது. எனவே நிறங்கள் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ரெட்டியின் 1963ஆம் ஆண்டுப் படைப்பான ‘நீர்ச்சுழல்’ இந்த முறையில் வந்தது.