இதயத்தில் படியும் இரும்பு: எம்.ஆர்.ஐ. பரிசோதனை எவ்வாறு உதவுகிறது?

தலசீமியா நோய்க்காகத் தொடர்ந்து இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய பரிசோதனை இது.

இரும்பு ஏன் தீங்கு விளைவிக்கிறது?

ஏற்றப்படும் ஒவ்வோர் அலகு இரத்தத்திலும் ஏறத்தாழ 200 முதல் 250 மி.கி. இரும்பு உள்ளது. மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி உடலில் இல்லை. எனவே அது கல்லீரல், இதயம், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவற்றில் படிகிறது. அங்கே அது, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகத் தூண்டி உயிரணுக்களைச் சிதைக்கிறது. இந்நிலையே ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ எனப்படுகிறது.

பரிசோதனை எதை அளவிடுகிறது?

இப்பரிசோதனை ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. அதற்குக் காரணமான இரும்பை மதிப்பிடுகிறது. இரும்பு மிகுந்த தசையில் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை விரைவாக மங்கும். அது மங்கும் நேரமே ‘டி2 ஸ்டார்’ அளவு.

இதயத்திற்கான அளவுகள்:
• 20 மில்லி விநாடிக்கு மேல்: குறிப்பிடத்தக்க இரும்புப் படிவு இல்லை.
• 10 முதல் 20 வரை: இரும்பு படிந்துள்ளது.
• 10க்குக் கீழ்: கடுமையான படிவு, இதயச் செயலிழப்பு ஏற்படும் அபாயம் அதிகம்.

இரத்தப் பரிசோதனை மட்டும் போதாதா?

போதாது. காய்ச்சல், அழற்சி ஆகியவற்றாலும் ஃபெரிட்டின் அளவு மாறும். கல்லீரலில் இரும்பு குறைவாக இருந்தாலும் இதயத்தில் மிகுந்திருக்கலாம். இதயத்தில் இரும்பு படிந்த பின்னரும் எக்கோ பரிசோதனை இயல்பாகவே காட்டக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• இதில் கதிர்வீச்சு இல்லை. சிறிது நேரம் அசையாமல் படுத்து, சொல்லும்போது மூச்சை அடக்க வேண்டும். பேஸ்மேக்கர் அல்லது உலோகப் பொருத்துகள் உடலில் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.
• எப்போது தொடங்குவது, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அறிக்கைகளைப் பாதுகாத்து, முந்தைய அளவுடன் ஒப்பிடச் சொல்லுங்கள்.
• உடல்நிலை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், இரும்பு அகற்றும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.
• வைட்டமின் சி மாத்திரைகளை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ள வேண்டாம். இரும்பு மிகுந்த உடலில் அதிக அளவு வைட்டமின் சி இதயத்தைப் பாதிக்கலாம்.
• மூச்சுத்திணறல், படபடப்பு, கால் வீக்கம் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அளவு குறைவாக வந்தால் மனம் தளர வேண்டாம். சிகிச்சையை முறையாகத் தொடர்ந்தால் இதயத்தில் படிந்த இரும்பு படிப்படியாகக் குறையும். குறிகள் தோன்றும் முன்பே கண்டறிவதுதான் இப்பரிசோதனையின் பயன்.