ஓட்ஸின் இரும்பும் ஸ்ட்ராபெரியின் புளிப்பும்

100 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய 4 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. தானியத்துக்கு நல்ல அளவுதான். ஆனால் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் இரும்பெல்லாம் ரத்தத்தில் போய்ச் சேர்வதில்லை. அதில் சிறு பங்குதான் குடலைத் தாண்டுகிறது.

காரணம், ஃபைட்டிக் அமிலம். முளைவிடப் போகும் நாற்றுக்காக விதை தன் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. நம் குடலில் இரும்பையும் துத்தநாகத்தையும் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றியதெல்லாம் கழிவோடு போய்விடும். முளைக்கும் விதை ஒரு நொதியைக் கொண்டு இந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஓட்ஸில் அந்த நொதி குறைவு. சீக்கிரம் காறிப் போகாமலிருக்க ஆலையில் ஆவி காட்டும்போது, இருந்ததும் செயலிழக்கிறது. பிறகு தேனும் எண்ணெயும் பிசறிக் கிரனோலாவாக வாட்டி எடுத்தாலும் ஃபைட்டிக் அமிலம் பெரிதாகக் குறைவதில்லை.

மேலே போடும் ஸ்ட்ராபெரியைப் பலரும் அழகுக்கு என்றே நினைக்கிறார்கள். அதில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 60 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. தானியத்தின் இரும்புக்கு அது ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து, குடற்சுவர் உள்ளே விடும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அதோடு நில்லாமல், இரைப்பையிலேயே இரும்போடு சேர்ந்துகொண்டு, ஃபைட்டிக் அமிலத்திடம் சிக்காமல் கரைந்த நிலையிலேயே குடல்வரை கொண்டுசெல்கிறது. எங்கோ விளைந்த பழம், வேறெங்கோ விளைந்த தானியத்துக்குள் அடைபட்டதை நமக்கு வாங்கித் தருவது எனக்குத் தீராத வியப்பு.

ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போக வேண்டும். காலையில் கிரனோலா, மாலையில் பழம் என்றால் இந்த உதவி கிடைக்காது. பழம் புதிதாகவும் இருக்க வேண்டும். சூட்டில் வைட்டமின் சி சிதைந்துவிடும் என்பதால், கிரனோலாவோடு சேர்த்து வாட்டிய பழத்தை இதற்கு நம்ப முடியாது. புளுபெரியில் வைட்டமின் சி 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம்தான். தோலில் உள்ள ஆந்தோசயனின் நிறமிக்காக அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். இரும்புக்கு ஸ்ட்ராபெரிதான் துணை. அது கிடைக்காத ஊரில் கொய்யா இன்னும் மேல், அதில் வைட்டமின் சி பல மடங்கு.

அளவிலும் பழமே மிகுந்திருக்கட்டும். 100 கிராம் கிரனோலா பெரும்பாலும் 450 கலோரியைத் தாண்டும். அதே எடை ஸ்ட்ராபெரியில் 32தான். கைப்பிடி கிரனோலாவுக்கு ஒரு கிண்ணம் பழம் என்பதே என் கணக்கு.

சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். டீயிலுள்ள பாலிஃபீனால்களும் இரும்பைப் பிடித்து வைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.