சிறுநீரக மாற்று செய்தவருக்கு நீர்க்கடுப்பு: மாத்திரைக்கு முன் 'கல்ச்சர்' ஏன் அவசியம்?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர். சென்னையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலையில் நீர்க்கடுப்பு. ஆபரேஷன் செய்த மருத்துவமனை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மெடிக்கல் ஷாப் தெருமுனையிலேயே இருக்கிறது. "சூடு புடிச்சிருக்கும்பா, ரெண்டு மாத்திரை போட்டா சரியாயிடும்" என்கிறார் அம்மா.

மற்றவர்களுக்கே இது நல்ல பழக்கம் இல்லை. இவருக்கோ, கிடைத்த சிறுநீரகமே பறிபோகும் ஆபத்து உண்டு.

இவர்களுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளைத் தினமும் சாப்பிட வேண்டும். இவை உடலின் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதால், கிருமிகளை விரட்டும் பலமும் குறைகிறது. சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு அதிகம் வரும் பாக்டீரியா தொற்று, சிறுநீர்ப் பாதைத் தொற்றுதான்.

அறிகுறிகளும் சரியாகத் தெரியாது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்தப்படும் புதிய சிறுநீரகத்துக்குப் பழைய நரம்புத் தொடர்பு இல்லை. அதனால் வலி குறைவாக இருக்கலாம். காய்ச்சலும் லேசாகவே அடிக்கலாம்.

மருந்து ஏன் கேட்பதில்லை?

ஒவ்வொரு முறை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதும் பலவீனமான கிருமிகள் சாகும், தாக்குப்பிடித்தவை பெருகும். டயாலிசிஸ், கதீட்டர், மருத்துவமனை வாசம் என்று பலவற்றைக் கடந்து வந்தவர்களிடம் இப்படிப்பட்ட கிருமிகள் இருக்க வாய்ப்பு அதிகம். ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகளிடம் சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சைம் போன்ற மாத்திரைகள் பல நேரம் தோற்றுப்போகின்றன.

இந்தக் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. கடைசி ஆயுதமாகக் கருதப்படும் கார்பபெனெம் ஊசிகளையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 நொதி பற்றிய ஆய்வு, 2010 ஆகஸ்ட்டில் லான்செட் குழும இதழில் வெளியானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது கண்டறியப்பட்டிருந்தது.

இப்படிப்பட்ட கிருமி வந்தால் மாத்திரை போதாது. அட்மிட் ஆகி ஊசி போட வேண்டும். அப்போது கொடுக்க நேரிடும் கொலிஸ்டின், அமிகாசின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியவை.

என்ன செய்ய வேண்டும்?

* முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சர் டெஸ்ட்டுக்குச் சிறுநீர் கொடுங்கள். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி இருந்தும் ரிப்போர்ட்டில் வராமல் போகலாம்.
* முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். வீட்டில் பிடித்து வெயிலில் பஸ்ஸில் எடுத்துப்போனால் வழியிலேயே கிருமி பெருகி, முடிவு தப்பாகிவிடும். லேபிலேயே கொடுப்பது நல்லது.
* எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரியும். ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* உள்ளூர் டாக்டரிடம் போனாலும் "நான் ட்ரான்ஸ்பிளான்ட் பேஷன்ட்" என்று முதலில் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கும் போன் செய்யுங்கள். கிளாரித்ரோமைசின் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்; ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். இரண்டுமே ஆபத்து.
* டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

தொந்தரவே இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி என்றால்?

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கடந்தவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டால் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. தேவையில்லாமல் கொடுத்தால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைத்தான் வளர்க்கும். முடிவு டாக்டருடையது.

2014 மார்ச் 1 முதல் அமலில் உள்ள ஹெச்1 அட்டவணை விதிப்படி, செஃபிக்சைம் உள்ளிட்ட மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளியின் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால், அடுத்த முறை மெடிக்கல் ஷாப்காரர் "சீட்டு இருக்கா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் கேட்பதுதான் சரி.