ஆறின தோல்தானே என்று நினைக்காதீர்கள்



நம்ம பக்கம் பட்டாசு வேலைக்குப் போகாத வீடு குறைவு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30 பேருக்கு மேல் இறந்ததை இன்றும் பேசுகிறோம். இது மாதிரி விபத்துகளில் தீக்காயத்தோடு பிழைத்து வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எங்க அத்தை வேறொரு விபத்தில் அப்படிப் பிழைத்தவங்க.

காயம் மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. பொங்கலன்று நான் ஆசையாக அத்தை கையைப் பிடித்துக் கண்ணாடி வளையலை ஏற்றினேன். வளையல் போன வழியெல்லாம், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி தோல் சுருண்டு வந்துவிட்டது. அத்தை கத்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா பதறிப்போய் பிளாஸ்திரி ஒட்டினாங்க. அதைப் பிரிக்கும்போது இன்னும் கொஞ்சம் தோல் வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா விளக்கினாங்க. மேல்தோலை அடித்தோலோடு நுண்ணிய இழைகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஆழமான தீக்காயத்தில் மேல்தோல் மூடிவிட்டாலும் இந்தப் பிடிப்பு பலப்பட மாதக்கணக்கில் ஆகுமாம். பசை காயாத பட்டாசுக் குழாயைத் தொட்டால் காகிதம் கழன்று வருமே, அது போலத்தான். (பிறவியிலேயே இந்தப் பிடிப்பு இல்லாத பிள்ளைகளும் உண்டு. பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்று அவர்களைச் சொல்வார்களாம்.) எண்ணெய்ச் சுரப்பியும் வெந்துபோவதால் தோல் காய்ந்து அரிக்கும், சொறிந்தால் கிழியும். உணர்ச்சியும் மட்டு. சூடான டம்ளரைக்கூடத் தெரியாமல் பிடித்துவிடுவார்கள். அத்தை கத்தாததற்குக் காரணம் பொறுமை இல்லை!

இப்போ தினமும் ரெண்டு மூணு தடவை வாஸ்லின் தடவுறோம். குளிக்கும்போது நார் கிடையாது. பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. வெயிலில் போனால் முழுக்கைச் சட்டை. அத்தையை எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காமல் முதுகில் கை கொடுக்கிறோம். என் நகத்தையும் ஒட்ட வெட்டிவிட்டேன். அப்பத்தாவுக்கும் வயசானதால் தோல் மெலிந்துவிட்டது, அவங்களுக்கும் இதே கவனிப்புதான்.

கிழிந்துவிட்டால் காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுருண்ட தோலை வெட்டாமல், ஈரத்துணியால் மெதுவாகப் பழைய இடத்திலேயே படியவிடணும். மேலே வாஸ்லின் தடவிய காஸ் துணி வைத்து, தளர்வாகக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். பிளாஸ்திரி மட்டும் ஒட்டவே கூடாது.

அத்தை மறுபடியும் வளையல் கேட்டாங்க. ரெண்டு அளவு பெரிசா வாங்கி வைத்திருக்கேன். இன்னும் போடவில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி