இருட்டில் எடுத்த போட்டோ ஏன் புள்ளி புள்ளியாக இருக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் இரவு ஷிப்ட் முடிந்து எடுத்த செல்ஃபியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவானம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப் புள்ளிகள். ஐபோன்களே தயாராகும் ஊர், இருந்தும் தப்பவில்லை!

இருட்டில் படம் வெளிச்சமாகத் தெரிய கேமரா கூட்டும் அளவுக்கு ஐஎஸ்ஓ என்று பெயர். அதை 100-லிருந்து 3200-க்கு ஏற்றினால் கேமராவுக்குள் கூடுதல் வெளிச்சம் வருமா? துளிகூட வராது. பிறகு புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

முற்றத்தில் டம்ளர்களை வரிசையாக வையுங்கள். அடைமழையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு நிரம்பும். தூறலில்? ஒன்றில் மூன்று சொட்டு, பக்கத்தில் ஏழு. சென்சாரின் ஒவ்வொரு கட்டமும் அப்படியொரு டம்ளர். ஒளியும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. விழுந்ததை ஐஎஸ்ஓ 32 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. மூன்றுக்கும் ஏழுக்குமான வித்தியாசமும் கூடவே பெருகும். அதுதான் புள்ளி.

போனைச் சுவரில் சாய்த்து நைட் மோடில் எடுங்கள். பல படங்களை அடுக்கிச் சராசரி பார்ப்பதால் புள்ளிகள் அடங்கும். கம்பெனி பஸ் நகர்ந்தால் மட்டும் கோடாக இழுபடும்.