நிரலாளரைத் தெரிந்தெடுத்தல்

பொருட்பாலிலே ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார் வள்ளுவர். ஆளை ஆராய்ந்து தெளிதல் ஒன்று. அவரவர்க்கு ஏற்ற வினையை அறிந்து கொடுத்தல் மற்றொன்று. கணினிக்கு ஏவல் எழுதும் நிரலாளரைத் தேர்வோர் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுதல் வேண்டும்.

தமிழாசிரியனுக்கு இதிலே என்ன அக்கறை என வினவுவார் உளர். என் மாணாக்கர் பலர் இன்று இத்துறையை நாடிச் செல்கின்றனர். தெளிவாகச் சிந்திக்க வல்ல சிலர், ஆங்கிலத்தில் விரைந்து பேசமாட்டாமையால் நேர்முகப் பரீட்சையிலே பின்தள்ளப்படுகின்றனர். நன்னூற் சூத்திரங்களை ஒப்புவிப்போர் எல்லாரும் பிழையற எழுதுவதில்லை. அதுபோலவே, நன்றாகப் பேசுவோர் எல்லாரும் நன்றாக நிரல் எழுதுவர் என்பதும் இல்லை.

வீதியிலுள்ள சாக்கடை மூடி வட்டமாயிருப்பது ஏன் என்பன போன்ற விடுகதை வினாக்களை மேனாட்டு மென்பொருள் நிறுவனங்கள் ஒருகாலத்தில் விரும்பிக் கேட்டன. அவற்றால் எதனையும் முன்னறிதல் இயலாது என்றும், கேட்பவர் தம்மை அறிவாளர் என எண்ணி மகிழ்வதற்கே அவை உதவும் என்றும், கூகிள் நிறுவனத்தின் ஆளணித் தலைவராயிருந்த லாஸ்லோ பொக் 2013இல் வெளிப்படையாகக் கூறினார்.

ஆயின், எதனைக் கொண்டு அளப்பது? சிமித், ஹன்ரர் என்னும் உளவியலறிஞர் இருவர் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதிலே, வேலையின் மாதிரியொன்றைச் செய்வித்துப் பார்த்தல் முன்னிடம் பெற்றது. கல்வி பயின்ற ஆண்டுகளின் தொகையோ கடைநிலையை அண்டி நின்றது. சாக்கெற் முதலியோர் 2022இல் அக்கணக்கைத் திருத்தியபோது, எல்லாரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவையாற் புள்ளியிடும் நேர்முகம் முதலிடம் பெற்றது.

இவ்விரண்டையும் இணைத்தால் வழி புலனாகும். பிழை பொதிந்த சிறு நிரலொன்றை விண்ணப்பதாரர் எல்லார்க்கும் கொடுக்க. அதனைத் திருத்தி, திருத்தியதன் காரணத்தைத் தமக்கு இயன்ற மொழியிலே கூறச் செய்க. இயந்திரமே நிரல் எழுதித் தரும் இக்காலத்தில், வீட்டிலிருந்து எழுதி வருவது மாத்திரம் சான்றாகாது, காரணங்கூறலே உரைகல். புள்ளித் திட்டத்தை விடைகளைக் காணுமுன்னரே வகுத்தல் வேண்டும். இருவர் தனித்தனியே புள்ளியிட்டுப் பின் ஒப்புநோக்குதல் இன்னும் நன்று.

பரீட்சைத் தாளிலே பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் இடப்படுவது எதற்கு என்பதை ஆசிரியர் அறிவர். பேச்சையும் பட்டத்தையும் பின்னிறுத்திச் செய்கையை முன்னிறுத்தும் நிறுவனம் நல்ல நிரலாளரைப் பெறும். கிராமத்துப் பிள்ளைக்கும் வாயில் திறக்கும்.